பகல் தூக்கத்துக்கு ஒரு வீடு

என் வீட்டுக்காரருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. ஊருக்கெல்லாம் விடியும்போதுதான் அவர் வந்து படுப்பார். படுப்பாரே தவிர, தூக்கம் பிடிக்காது. போன மாதம் அடுப்பு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்து முழங்கையைச் சுட்டுக்கொண்டு வந்தார். அடுத்த தடவையும் முழங்கையோடு நிற்கும் என்று என்ன நிச்சயம்? வீடு மாறியே தீருவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

தரகரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. பகலில் சத்தம் இருக்கக் கூடாது. சாவிகளைக் குலுக்கிக்கொண்டே திரிவதால் அவருக்கு நான் வைத்த பெயர் சாவிக்கொத்து. எந்தத் தெருவைக் காட்டினாலும், "ஊசி விழுந்தா கேக்கும்மா" என்பார். அவர் வாயை நம்புகிற ஆளா நான்? கையோடு ஒரு பாயை எடுத்துப் போனேன். காலி வீட்டில் அதை விரித்து இவரைப் படுக்கவைத்துவிட்டு வாசலில் காவல் நின்றேன்.

முதல் வீடு இருந்த தெருவில் ஈ காக்கை கிடையாது. அங்கேயும் மனிதர் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தார். இரண்டாவது வீட்டில், குரைத்த நாயை விரட்டினேன். மணியடித்துப் போன சைக்கிள்காரனை முறைத்தேன். சாவிக்கொத்தின் சாவிகளைப் பிடுங்கி என் பைக்குள் போட்டேன். ஒரு பிரயோசனமும் இல்லை.

மூன்றாவது வீடு கடைத்தெரு மாடியில். கீழே வெல்டிங் பட்டறை.

"இதை எதுக்குக் காட்டறீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"மழை வருதும்மா. நனையாம நிக்கலாமேன்னுதான்."

அதே மாடியின் மறுபாதியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா, "வந்ததுதான் வந்தீங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். அவர் சமையலறையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். பழைய வீட்டு மேல்மாடிக்காரர் நாற்காலி இழுத்ததற்காக நான் போட்ட சண்டையைச் சொல்லச் சொல்ல அந்தம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று!

மழை விட்ட பிறகுதான் இவர் நினைவே வந்தது. போய்ப் பார்த்தால், காலி அறையில் பாயை விரித்துக் கட்டையாய்த் தூங்கிக்கொண்டிருந்தார். பட்டறைச் சத்தத்துக்கு ஈடாகக் குறட்டை வேறு. செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, ஜன்னலைச் சாத்தப் போனேன். சட்டென்று கண் விழித்தார்.

"பட்டறைச் சத்தமா?" என்று கேட்டேன்.

"இல்ல. நீ வந்த."

"பூனை மாதிரில்ல வந்தேன்!"

"அதான். வீட்லயும் இப்படித்தான் நடக்கற. குக்கர் விசிலைக்கூட அமுக்கிப் பிடிக்கற. அடுத்து யாரோட சண்டைக்குக் கிளம்புவியோன்னு காதைத் தீட்டிக்கிட்டே படுத்திருப்பேன். இன்னிக்கு நீ சிரிக்கறது கேட்டுது. எப்ப தூங்கினேன்னே தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. "இத்தனை நாள் இதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, நீ இன்னும் மெதுவா நடப்ப."

சாவிக்கொத்திடம் அவர் சாவிகளைத் திருப்பிக் கொடுத்தேன். இந்த வீட்டுச் சாவியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

நேற்று எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்காரம்மாவோடு பேச முடியாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். நட்டநடுப் பகலில் இவர் எழுந்து வந்து நின்றார்.

"என்னாச்சு? ஏன் சத்தத்தையே காணோம்?"

தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, குக்கரை அடுப்பில் ஏற்றினேன். முதல் விசில் வந்ததும் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார்.