யார் யார் பார்க்கிறீர்கள்?

சுவரில் கேமராவை மாட்டிய அன்றே மூத்த நர்ஸான பெரிய சிஸ்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டீச்சர் வாரம் ஒருமுறை திரையில் வந்து அவசர சிகிச்சைப் பாடம் நடத்துவாராம். இடையில் ஆபத்தான கேஸ் வந்தால் பொத்தானை அழுத்தி அவரையே கூப்பிடலாமாம். டாக்டர் பாதி நாள் வராத அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாடம் நடத்த வாய் போதுமே, கண் எதற்கு?

சந்தேகத்துக்குத் தீனி சீக்கிரமே கிடைத்தது. கூட வேலை பார்க்கும் இளம் நர்ஸ், வாய் ஓயாததால் எல்லோருக்கும் அவள் குருவி, ஒருநாள் மதியம் காலியான கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள். மறுநாள் மேனேஜர் கேட்டார்: "கட்டில் நோயாளிக்கா, உனக்காம்மா?" அவள் தின்றபோது அறையில் அவளையும் பெரிய சிஸ்டரையும் தவிர ஈ காக்கை இல்லை.

அன்றிலிருந்து கேமராவின் மேல் ஒரு துண்டு தொங்கியது. வகுப்பு நேரத்தில் மட்டும் அதை எடுப்பார்கள். அப்போதும் பெரிய சிஸ்டர் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு பஞ்சு மடிப்பாள். பாடம் பாதி காதில் விழும், பாதி விழாது.

ஒரு பிற்பகல், விறகு வெட்டப் போனவரைக் குளவிகள் கொட்டிவிட்டன என்று அவர் மனைவி தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் ஊதி, உதடு நீலம் பாரித்து, மூச்சு விசில் மாதிரி வந்தது. நாடி கைக்குச் சிக்கவில்லை. டாக்டரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை.

"அக்கா, போன வாரம் டீச்சர் சொன்னாங்கல்ல, அட்ரினலின், தொடைச் சதையில!" என்றாள் குருவி, ஆக்ஸிஜன் முகமூடியை வைத்துக்கொண்டே.

பெரிய சிஸ்டர் மருந்துக் குப்பியை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள். அதே மருந்தை யாரோ நரம்பில் ஏற்றி, ஒருவரின் இதயம் தறிகெட்டு ஓடியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பாடம் என்ற பெயரில் என்னை மாட்டிவிடும் வேலையோ? டாக்டர் இல்லாமல் ஊசி போட்டேன் என்று நாளைக்கு என் மேலேயே பழியைப் போட்டால்?

குருவி காத்திருக்கவில்லை. துண்டை இழுத்துப் போட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் வந்த டீச்சர் ஒரு பார்வைதான் பார்த்தார். "படுக்க வச்சு காலைத் தூக்குங்க. தொடையில அட்ரினலின், உடனே."

"நீங்கதான் சொன்னீங்கன்னு நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லுவீங்களா?" என்றாள் பெரிய சிஸ்டர்.

"சொல்லுவேன் சிஸ்டர். பதிவாகுது. முதல்ல போடுங்க."

போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் சொன்னபடி இன்னொன்றும் போட்டாள். மெல்ல மெல்ல விசில் அடங்கி, உதட்டில் நிறம் வந்தது. மனைவி அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

பெரிய சிஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரைக்கு நேராக வந்து நின்றாள்.

"உங்களை ஒண்ணு கேக்கணும். வகுப்பு இல்லாம, நாங்களும் கூப்பிடாத நேரத்துல எங்களை யாரு பாக்குறாங்க?"

"யாரும் இல்லையே."

"அப்ப குருவி பிஸ்கட் தின்னது மேனேஜருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

டீச்சர் அதைக் குறித்துக்கொண்டார். "எனக்குத் தெரியாது. விசாரிச்சுச் சொல்றேன்," என்றார்.

அடுத்த வகுப்பில் டீச்சர் மழுப்பாமல் சொன்னார்: எங்கள் அலுவலகத்தில் கேமராவின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார் உங்கள் மேனேஜர். மாற்றச் சொல்லிவிட்டேன். இனிமேல் வகுப்புக்கும் நீங்கள் அழைக்கும்போதும் மட்டும்தான் கேமரா ஓடும். "தப்பு எங்க பக்கம், சிஸ்டர்."

மேனேஜர் இரண்டு நாள் முறைத்தார். கேமராவில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று வாய்விட்டுக் கேட்டால் அவர் ஒளிந்து பார்த்தது வெளியே வந்துவிடும்.

பெரிய சிஸ்டர் இப்போது முன்வரிசையில் உட்காருகிறாள். சின்னப் பிள்ளைக்கு மருந்து எவ்வளவு, கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா என்று டீச்சரைக் குடைந்தெடுக்கிறாள். ஆனாலும் டீச்சரை அவள் முழுசாக நம்பிவிட்டதாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வகுப்பிலும் பாடம் தொடங்கும் முன் கை தூக்குவாள்.

"அந்தப் பக்கம் இப்ப யார் யார் இருக்கீங்க? ஒவ்வொருத்தரா முகத்தைக் காட்டுங்க."

அவர்களும் காட்டுகிறார்கள்.