சமையலறை வாசலில் இருபத்தைந்து வருடம்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி சமையலறை வாசலில் இருபத்தைந்து வருடமும் நான்கு மாதமும் நின்றாள். உட்காரவில்லை, சாப்பிடவில்லை, கண் இமைக்கவில்லை. அது தொடங்கியது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு. ஒரு அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டோடு விடியும்வரை மல்லுக்கட்டிவிட்டு வந்திருந்த மெக்கானிக், ஹாலில் தரையில் உட்கார்ந்து, கேசட் போட்டு ஆடும் பழைய வீடியோ கேமில் ஏழாம் கட்டத்துப் பள்ளங்களைத் தாவிக்கொண்டிருந்தார். மனைவி வலது கையை நெஞ்சில் அழுத்தி, இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க" என்று கூப்பிட வாயெடுத்தாள். "என்ன" வரை வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அந்த ஆட்டங்களை ஆடி வருகிற எவரும், கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார்கள். யோசித்துச் செய்வதல்ல, கட்டைவிரல் தானாகச் செய்வது. மெக்கானிக்கின் கட்டைவிரலும் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பட்டனை அழுத்தியது. திரையில் குட்டி மனிதன் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றான். வாசலில் அவள் நின்றாள்.

எதிர்வீட்டு டாக்டர் வந்து பார்த்தார். உடம்பில் சூடு இருந்தது. நெஞ்சில் குழாயை வைத்துப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, இதயம் பாதித் துடிப்பில் நிற்கிறது, இது மாரடைப்பு என்றார். ஆட்டத்தைத் தொடர்ந்தால் இவளும் தொடர்வாள், ஆனால் மூன்று நிமிடத்துக்குமேல் தாங்காது, அதற்குள் செய்யவேண்டியதைச் செய்ய இந்த ஊரில் ஆளும் இல்லை, கருவியும் இல்லை என்றும் சொன்னார். "அப்ப இப்படியே இருக்கட்டுமா டாக்டர்?" என்று மெக்கானிக் கேட்டார். "கரண்ட் போகாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். கரண்ட் விஷயத்தில் மெக்கானிக்குக்குக் கை தேர்ந்த அனுபவம் உண்டு. லிஃப்ட் நடுவழியில் நின்றால் ஆட்களை இறக்குவதற்கென்று வைத்திருக்கும் பேட்டரிகளில் இரண்டை அன்று மாலைக்குள் கொண்டுவந்து, ஒன்று போனால் மற்றொன்று தானாகப் பிடித்துக்கொள்ளும்படி கேம் பெட்டிக்கு இணைப்புக் கொடுத்தார். அவர்களுடைய ஒரே மகளுக்கு அப்போது ஒன்பது வயது.

பழைய ஆட்டங்களில் பித்துப்பிடித்த இன்னும் மூன்று பேர் அவருக்குச் சிநேகிதர்கள். ஞாயிறுதோறும் ஒருவர் வீட்டில் கூடுவது வழக்கமாக இருந்தது. பெட்டியை நகர்த்த முடியாது என்று ஆனபிறகு மெக்கானிக் வீடே நிரந்தரமாகிவிட்டது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குக் கார்ப் பந்தயம்தான் உயிர். வாரம் முழுக்க முதல் கியரில் ஊர்ந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமையாவது பறக்கவேண்டும். பல் டாக்டரம்மா யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசாதவர். அவருக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத்தள்ளும் ஆட்டங்கள். மருந்துக்கடைக்காரர் மாதக்கணக்கில் நடந்து, ஊர் ஊராக விசாரித்து, வாள் தேடும் நீண்ட கதை ஆட்டங்களை மட்டும் ஆடுவார். தாவிக் குதிப்பது மெக்கானிக்கின் பிரிவு. யாருடைய வகை உசத்தி என்று, விளையாடுவதற்கென்று வாங்கிய இரண்டாவது டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து அடித்துக்கொள்வார்கள். "சும்மா நடந்துட்டே இருக்கறது ஒரு ஆட்டமாய்யா? அதுக்கு டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் நடக்கணும்" என்பார் மாஸ்டர். "நீ வட்டம் போட்டுட்டு புறப்பட்ட எடத்துக்கே வர்ற, நான் எங்கயாவது போய்ச் சேர்றேன்ல" என்பார் மருந்துக்கடைக்காரர். முதல் சில வாரம் வாசலைப் பார்க்கக் கூசினார்கள். பிறகு உள்ளே வரும்போது, "வர்றோம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு உட்காரப் பழகிக்கொண்டார்கள்.

அவர்களிடம் ஒரு பழைய மாதப் பத்திரிகையின் இதழ்கள் இருந்தன. வீடியோ கேம்களுக்காகவே வந்து, நாற்பத்தொரு இதழோடு நின்றுபோன பத்திரிகை அது. நான்கு பேரும் தங்கள் பங்கைப் பொதுவில் போட்டதில் நாற்பது சேர்ந்தது. முப்பத்தேழாவது மட்டும் இல்லை. இந்த மாதிரி விஷயத்துக்கு வேறு எங்கே விடை கிடைக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. கெட்டியான அட்டையைத் திறந்து, விமர்சனம், குறுக்குவழி, வாசகர் சந்தேகம் என்று வரி வரியாகப் படித்தார்கள். முப்பத்தாறாம் இதழின் சந்தேகப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு வெளியூர் போய்விட்டேன், பதினொரு நாள் கழித்து வந்தால் படம் அப்படியே நிற்கிறது, தொடரலாமா? அதற்குக் கீழே, இடமின்மையால் பதில் அடுத்த இதழில் என்று இருந்தது. மெக்கானிக் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பதில் தெரியாமல் பட்டனில் கை வைக்கமாட்டேன் என்றார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

வருடங்கள் போயின. கணக்கெடுக்க வந்தவர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு மூன்று என்று எழுதிக்கொண்டு போனார். மெக்கானிக் ஈரத்துணியால் வாரம் ஒருமுறை மனைவியின் முகத்தையும் கைகளையும் துடைத்தார். அவளைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போகவேண்டியிருந்ததால் மகள் பக்கவாட்டில் நடக்கக் கற்றுக்கொண்டாள்; வெளியிலும் கதவுகளை அப்படித்தான் கடந்தாள், பள்ளியில் நண்டு என்று பட்டப்பெயர் வந்தது. தன் உயரத்தை அம்மாவின் மேல் அளந்தாள். ஒரு வருடம் மஞ்சள் நைட்டியின் இரண்டாவது பட்டன், பிறகு தோள், பிறகு காது. பதினேழு வயதில் கண்ணுக்கு நேராகக் கண் வந்தது. அதற்குப் பிறகு அளக்கவில்லை. அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். மகள் படித்து முடித்துக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பம் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. மூன்றாவது குடும்பத்தை அவளே வரவேண்டாம் என்றாள்.

இதற்கிடையில் ஊரில் இதய மருத்துவமனை வந்தது. ஐந்து வருடத்தில் அதற்குப் போட்டியாக இன்னொன்றும் வந்தது. "இப்ப டாக்டர் இருக்காங்கப்பா, மெஷின் இருக்கு, வீட்டுக்கே வருவாங்க" என்று மகள் சொன்னாள். இன்னும் கொஞ்சம் நல்ல வைத்தியம் வரட்டும் என்றார் அப்பா. "ஒவ்வொரு வருஷமும் இதையேதான் சொல்றீங்க." அந்த இதழ் கிடைக்கட்டும் என்றார். உண்மையில் அவருடைய பயம் மகளுக்குத் தெரியும். நிற்கிறவரை மனைவி சாகவில்லை. பட்டனை அழுத்தினால் மூன்று நிமிடத்தில் ஏதோ ஒன்று முடிவாகிவிடும். வேலைக்குப் போய் வந்து, நாற்காலியை அவள் பார்வை விழும் இடத்தில் போட்டு, அன்றன்று எந்த லிஃப்ட் எங்கே நின்றது என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தூங்கும் மனிதருக்கு அந்த மூன்று நிமிடம் வேண்டாததாக இருந்தது.

இருபத்தோராம் வருடம் முப்பத்தேழாம் இதழ் கிடைத்தது. டிரைவிங் ஸ்கூலுக்கு வந்த ஒரு பெண்மணி, பரண் சுத்தம் செய்ததில் கிடைத்தது என்று மாஸ்டரிடம் கொடுத்தார். மாஸ்டர் பாதி வகுப்பில் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். பல் டாக்டரம்மா சத்தமாகப் படித்தார். பதில் இரண்டே வரி: தாராளமாகத் தொடரலாம். ஆட்டம் விட்ட இடத்திலேயே இருக்கும், உங்களுக்குத்தான் கை பழக்கம் விட்டுப்போயிருக்கும். நால்வரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். "தொடரலாம்னுதானே போட்ருக்கு" என்றாள் மகள். பதினொரு நாளைக்குச் சொன்னது இருபத்தொரு வருடத்துக்குப் பொருந்துமா என்று மெக்கானிக் கேட்டார். அவள் எழுந்து பக்கவாட்டில் நடந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அப்புறம் நாலு வருடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முடிவைக் கடைசியில் பெட்டியே எடுத்தது. இருபத்தைந்து வருடம் தாண்டியபோது திரையின் ஓரத்தில் நிறங்கள் சிந்தத் தொடங்கின. ஒரு காலை முகம் துடைக்கப்போன மெக்கானிக், மனைவியின் இடது சுண்டுவிரல் நுனி சின்னச் சின்னச் சதுரங்களாக இருப்பதைக் கண்டார். தொட்டால் மழமழவென்றிருந்தது. மூன்று நாளில் சதுரம் முதல் கணுவரை ஏறியது. மூன்றாம் நாள் மாலையில் மகளிடம், "ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடும்மா" என்றார்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று நேரம் குறித்தார்கள். இரண்டு டாக்டர்கள், ஒரு நர்ஸ், ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் ஹாலில் அடைத்துக்கொண்டு நின்றன. மாஸ்டர் தெருவை மறித்து ஆம்புலன்ஸுக்கு வழி வைத்திருந்தார். மருந்துக்கடைக்காரர் ஊசிகளை வரிசையாக எடுத்துக்கொடுத்தார். பல் டாக்டரம்மா அவளுக்குப் பின்னால் மெத்தை போட்டார். மெக்கானிக் பட்டனில் கட்டைவிரலை வைத்தார். விரல் இறங்கவில்லை. பதினைந்து நிமிடம் எல்லோரும் காத்திருந்தார்கள். "குடுங்கப்பா" என்று மகள் அவர் கையிலிருந்து வாங்கி அழுத்தினாள். "ங்க" என்று சொல்லிவிட்டு அம்மா விழுந்தாள். திரையில் குட்டி மனிதனும் பள்ளத்தில் விழுந்தான். அதை யாரும் பார்க்கவில்லை.

டாக்டர்கள் கெட்டிக்காரர்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். சுண்டுவிரலின் முதல் கணு மட்டும் சதுரமாகவே தங்கிவிட்டது. பன்னிரண்டாம் நாள் கண்ணைத் தெளிவாகத் திறந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நரைத்த மனிதரைத் தன் மாமனார் என்று நினைத்து, புடவைத் தலைப்பு இல்லாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "வாங்க மாமா, அவரு எங்க?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னார்கள். லேபில் வேலை பார்த்தவள், எதையும் நிதானமாகக் கேட்டு விளங்கிக்கொள்கிறவள், கேட்டாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள், முப்பத்துமூன்று வயது. பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு முப்பத்துநான்கு. நெற்றியில் தழும்பு, காதுமடலில் மச்சம், எல்லாம் சரியாக இருந்தது. "நீ நல்லாத்தான் இருக்கே" என்று அவள் கன்னத்தைத் தொட்டாள். பிறகு அவளிடமே கேட்டாள்: "அவ எங்க?"

வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. மகள் தன் இருபத்தைந்து வருடப் புகைப்படங்களை வரிசைப்படுத்தி ஆல்பமாகக் கொடுத்தாள். நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு அம்மா மூடி வைத்தாள். "யாரோ நல்லா வளத்துருக்காங்க." மெக்கானிக்கிடம் அவள் கோபப்படவில்லை, அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வயதானவருக்குச் செய்வதுபோல் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள், தனி அறையில் படுத்தாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்.

"நான் கூப்பிட்டப்ப என்ன பண்ணீங்க?"

"ஆட்டத்தை நிறுத்தினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. பக்கத்துலயே இருந்தேன்."

"விட்ருக்கலாம்ல."

"விட்ருந்தா போயிருப்பியே."

"போயிருப்பேன். ஆனா எம்பொண்ணுக்கு ஒம்பது வயசுன்னு தெரிஞ்சு போயிருப்பேன்" என்றாள். மெக்கானிக் அடுத்த மழைக்காலத்தில் தூக்கத்திலேயே இறந்துபோனார். அவள் அழுதாள். ஆனால் யாரையோ தேடிக்கொண்டு அழுவதுபோல் இருந்தது என்று பல் டாக்டரம்மா சொன்னார். பெட்டியையும் நாற்பத்தொரு இதழ்களையும் மருந்துக்கடைக்காரர் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே நடந்தன.

தினமும் நாலரை மணிக்கு அவள் தெருமுனைக்குப் போய் நிற்பாள். பள்ளிக்கூட வேன் வரும், பிள்ளைகள் இறங்குவார்கள், வேன் போகும். கடைசிப் பிள்ளை வீட்டுக்குள் போகும்வரை பார்த்துவிட்டுத் திரும்புவாள். யார் சொல்லியும் நிறுத்தவில்லை. மகள் பரிசோதனைக் கூடத்தில் எழுதிக்கொடுத்து, காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், நாலு மணிக்குக் கிளம்பும்படி ஷிப்டை மாற்றிக்கொண்டாள். முதல் நாள் வேன் போனபிறகு, அதன் பின்னாலேயே வந்த பஸ்ஸிலிருந்து மகள் இறங்கி வந்தாள். ஒரே உயரத்தில், ஒரே ஜாடையில், கிட்டத்தட்ட ஒரே வயதில் இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக நின்றதைப் பார்த்த ஒரு புதுக் குடித்தனக்காரி, அக்கா தங்கச்சியா என்று கேட்டாள். "பொண்ணு" என்றாள் அம்மா. குடித்தனக்காரி சரி என்று சொல்லித் தன் பையனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் அம்மா.

"லேட்டாயிடுச்சும்மா" என்றாள் மகள்.

அம்மா அவள் தோளிலிருந்த ஆபீஸ் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். கனமாக இருந்தது. இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.