நேயர் பெட்டியில் மூன்றாவது உறை

நான்கு மாதம் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தவள் சுண்டு. பஸ் டிரைவர், பம்ப் மெக்கானிக், சலூன்காரர் என்று பன்னிரண்டு பேரிடம் அவரவர் வேலையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பதிவு செய்து வந்தவளும் அவளே. ஒலிபரப்பானபோது கேள்வி கேட்டதோ அண்ணனின் குரல்.

அண்ணன் என்றால் உறவு இல்லை. வட்டாரத்து மக்களே ஆளுக்கொரு நாற்காலி, எதிரொலி வராமல் சுவரில் தொங்கவிட ஆளுக்கொரு போர்வை கொடுத்து நடத்துகிற அந்தச் சின்ன வானொலியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். சுண்டுவின் கேள்விகளை வெட்டி எறிந்துவிட்டு, அதே கேள்விகளைத் தன் கனத்த குரலில் பேசி ஒட்டியிருந்தார்.

"உன் குரல் கீச்சுன்னு இருக்கு சுண்டு. நேயருங்க காது பாவமில்லையா? நீ ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சவுண்டு மிக்ஸரைப் பாத்துக்க. அதுல உன்னை அடிச்சிக்க ஆளில்ல."

"கடைசில என் பேரையாவது சொல்லியிருக்கலாம்ல, அண்ணே?"

"பேரு என்ன பெரிய பேரு. நாமெல்லாம் ஒரே குடும்பம்."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நிஜமாகவே குரல் அவ்வளவு மோசமோ என்று குளியலறையில் தனியாகப் பேசிப் பார்த்தாள். கீச்சென்றுதான் இருந்தது. குரல் வேறு, திருட்டு வேறு என்று பிரித்துப் பார்க்க இரண்டு நாள் பிடித்தது. பிறகு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பன்னிரண்டு பகுதிகளையும் மும்மூன்று முறை கேட்டாள். அண்ணன் கேள்விகளை மட்டும்தான் வெட்டியிருந்தார். பதில்களைக் காதுகொடுத்துக் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை காலை, கடிதங்கள் விழும் நேயர் பெட்டியை நேரலையில்தான் திறக்க வேண்டும். முன்கூட்டிப் பிரிக்கக் கூடாது, ஒரு வரியும் விடக் கூடாது, பதிலை அங்கேயே சொல்ல வேண்டும். ஒளிவுமறைவில்லாத வானொலி என்று மார்தட்டி, அந்த விதியைப் போட்டவரே அண்ணன்தான்.

மூன்றாவது உறை சுண்டுவுடையது. அண்ணன் அதைப் பிரித்து வாசித்தார்.

"'மதிப்புக்குரிய ஐயா, உங்கள் நிகழ்ச்சியை ஒன்றுவிடாமல் கேட்டேன்.' ரொம்ப நன்றிங்க. 'முதல் வாரம், நான்காவது நிமிடம். பஸ் டிரைவர் உங்களிடம், ஆமாக்கா, பிரேக்கைக் காதாலதான் பிடிக்கணும் என்கிறார். ஐந்தாவது வாரம் பம்ப் மெக்கானிக், தள்ளி உக்காரும்மா, சடையில கிரீஸ் ஒட்டிக்கும் என்கிறார்...'"

அண்ணனின் கை தானாகத் தன் வழுக்கையைத் தடவியது. கண்ணாடி வழியாக விரலைச் சுழற்றிக் காட்டினார். பாட்டைப் போடு என்று அர்த்தம். பாட்டு சுண்டுவின் விரலடியில் தயாராக இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. அவருடைய மைக்கைக் கொஞ்சம் ஏற்றினாள். எச்சில் விழுங்குவது துல்லியமாகக் கேட்டது.

"ஏய், பாட்டு கேக்கறாரு பாரு," என்றாள் பக்கத்தில் தொலைபேசி எடுக்கும் அக்கா.

"கடிதம் முடியலையேக்கா. ஒரு வரியும் விடக்கூடாதுல்ல?"

அக்கா நாற்காலியைக் கண்ணாடியை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"'...உங்களை ஏன் அக்கா என்கிறார்கள், ஐயா? இப்படிக்கு, கேள்வி கேட்டவள். இப்போது உங்கள் எதிரில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன்.'"

சுண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு விநாடி மௌனம். வானொலியில் அது வீட்டுக்கு வீடு ரேடியோப் பெட்டியைத் தட்டிப் பார்க்கிற நேரம்.

"அது வந்து... தொழில்நுட்பக் கோளாறு," என்றார் அண்ணன்.

சுண்டு தன் மைக்கைத் திறந்தாள். "தொழில்நுட்பம் நான்தானே பாக்கறேன் அண்ணே. கோளாறு ஒண்ணும் இல்லையே." கீச்சுக் குரல் வட்டாரம் முழுக்கப் போனது.

அண்ணன் தலை குனிந்துகொண்டார். "கேள்வியெல்லாம் கேட்டது... இந்தப் பொண்ணுதான்."

"கொஞ்சம் சத்தமா அண்ணே. லெவல் வரல."

மிக்ஸரில் ஒலி லெவல் நன்றாகவே வந்திருந்தது. அவர் மறுபடி சொன்னார்.