அஞ்சு நூல் குண்டு

என் தம்பி செல்வதுரை கண் டாக்டர். மில்லர்புரத்தில் அவன் நடத்தும் கிளினிக்கில் சீட்டு எழுதுவது, மருந்து விடுவது, கண்ணை அளப்பது எல்லாம் நான்தான். விழியின் வளைவை அளக்கும் கருவியை வேறு யாரையும் தொட விடமாட்டேன். தூத்துக்குடி உப்புக் காற்றில் கதவுக் கீல்கூட மூன்று மாதத்தில் துரு ஏறிவிடும். அந்தக் கருவி மட்டும் புதுசு போல இருக்கும். மாதம் ஒருமுறை திருகைக் கழற்றி, தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்து மாட்டுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்று ஊருக்கே தெரியும்.

எழுபத்தாறாம் வருஷம் ஏப்ரலில்தான் நாங்கள் கான்டாக்ட் லென்ஸ் பக்கம் போனோம். முதல் ஆள் ஜெபகனி. நாசரேத்துப் பெண், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கருவிழி கூம்பு மாதிரி முன்னால் நீளுகிற வியாதி அவளுக்கு. எத்தனை கண்ணாடி மாற்றியும் ஓர் எழுத்து மூன்றாகத் தெரிந்தது. ஒரு வருஷமாகப் பாடத்தை மனப்பாடம் பண்ணி நடத்தி, பிள்ளைகள் பெயரை வரிசை மறக்காமல் கூப்பிட்டு ஒப்பேற்றியிருக்கிறாள். மார்ச்சில் தலைமையாசிரியை கண்டுபிடித்துவிட்டார். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பார்வை சரி என்று டாக்டர் சர்டிபிகேட் தர வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். அப்பா இல்லாத வீடு. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

லென்ஸ் யாரிடம் வாங்குவது என்று பேச்சு வந்தது. பம்பாய்க் கம்பெனி ஏஜெண்ட் ஒருவர் அந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டு வந்து, வழவழப்பான படப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இன்னொருவர் மெட்ராஸில் ஒரே அறையில் சின்ன லேத் வைத்துத் தானே லென்ஸ் கடைகிறவர். தம்பியின் கூட்டாளி ஒருவன் அவரைப் பற்றி எழுதியிருந்தான்.

“ரெண்டு பேருக்கும் ஒரே அளவ அனுப்புவோம்க்கா. எவன் லென்ஸ் நல்லா உக்காருதோ, இனிமே நம்ம ஆர்டர் பூரா அவனுக்குத்தான்” என்றான் தம்பி.

ஜெபகனியின் கண்ணை நானே அளந்தேன். நானே எழுதி அனுப்பினேன்.

பத்தே நாளில் பம்பாய் லென்ஸ் வெல்வெட் பெட்டியில் வந்தது. மெட்ராஸிலிருந்து வந்தது ஒரு போஸ்ட் கார்டு. பொடி எழுத்து. ‘கூம்பு விழி என்று எழுதியிருக்கிறீர்கள், அளவோ சாதாரண விழியின் அளவு. இரண்டும் பொருந்தவில்லை. ஆகவே லென்ஸ் கடையவில்லை. உங்கள் கருவியைச் சோதித்துப் பாருங்கள். ஐந்து நூல், அதாவது 5/8 அங்குலப் பேரிங் குண்டு ஒன்றைக் கண் இருக்கும் இடத்தில் வைத்து அளந்தால் வளைவின் ஆரம் 7.94 மில்லிமீட்டர் என்று காட்ட வேண்டும்.’ ஓரத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் இன்னும் ஏதோ இருந்தது. எனக்கு நாற்பத்தாறு வயசு, வெள்ளெழுத்து. கண் டாக்டரின் அக்கா கண்ணாடி போடுவதாவது என்று நான் போடுவதில்லை. அந்த ஓரத்து எழுத்தை வாசிக்க முடியவில்லை, விட்டுவிட்டேன்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் கருவியைப் பற்றி, அதைக் கண்ணால்கூடப் பார்க்காதவன் பேசுவதா? கார்டை மேஜை இழுப்பறையில் போட்டேன்.

“மெட்ராஸ்காரன் என்னக்கா சொல்லுதான்?” என்று கேட்டான் தம்பி.

“லென்ஸ் இல்லையாம். சாக்குச் சொல்லுதான்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். விடு, பம்பாயே போதும்.”

பம்பாய் லென்ஸை மாட்டிய ஐந்தாவது நிமிஷம் ஜெபகனியின் கண் செக்கச் சிவந்துவிட்டது. பத்து நாள் பார்த்தோம். வந்து உட்காருவாள், மாட்டுவாள், தாரை தாரையாய் ஊற்றும். “பழகிரும் டாக்டர்” என்று எங்களுக்கு அவள் ஆறுதல் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் துறைமுக ரோட்டில் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் லாரி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெட்ராஸ்காரர் சொன்னது பொய் என்று காட்டத்தான் போனேன், அதை மறைப்பானேன்.

“அஞ்சு நூல் குண்டா? கண்ணாஸ்பத்திரிக்கு எதுக்குத் தாயி?” என்றார் அண்ணாச்சி. ஆனாலும் கிரீஸைத் துடைத்து, கோலிக்குண்டு அளவில் ஒன்று எடுத்துத் தந்தார்.

தம்பி சாப்பிடப் போன நேரத்தில் அதை மெழுகில் ஒட்டி வைத்து அளந்தேன். 8.9 காட்டியது. மறுபடி அளந்தேன். 8.9. நான் திருகைக் கழற்றித் துடைத்து மாட்டும்போது அளவுச் சக்கரத்தை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறேன். கூடம் கோணல் இல்லை, ஆடியவள்தான் கோணல். வெட்கத்தில் காது சுட்டது.

சக்கரத்தைச் சரியாக மாட்டினேன். குண்டு 7.94 காட்டியது. மறுநாள் ஜெபகனியைத் திரும்ப அளந்து, தம்பிக்குச் சொல்லாமல் மெட்ராஸுக்கு எழுதினேன். மே கடைசியில் மாத்திரை டப்பாவில் பஞ்சு சுற்றி லென்ஸ் வந்தது. மெட்ராஸ்காரர் இப்போதுதான் கடைந்து அனுப்பியிருக்கிறார் என்று மட்டும் தம்பியிடம் சொன்னேன்.

மாட்டியதும் பத்து நிமிஷம் கண்ணீர் வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஜெபகனி கண்ணைக் கொட்டிக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

தம்பிக்குச் சந்தோஷம். “பாத்தியாக்கா, பம்பாய்க்காரனுக்குச் செய்யத் தெரியல. ஏம்மா, அந்தச் சார்ட்ட வாசி.”

“அது எனக்கு மனப்பாடம் டாக்டர். வேற ஏதாவது தாங்க” என்றாள் அவள்.

மேஜையில் அன்றைய பேப்பர் கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். ஆனால் யார் மேலோ பழி போட்டு அவள் சர்டிபிகேட் வாங்கிப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து போஸ்ட் கார்டை எடுத்தேன்.

“பம்பாய்க்காரன் மேல தப்பில்ல, தம்பி. இத வாசி ஜெபகனி, சத்தமா.”

அவள் வாசித்தாள். கூம்பு விழி, பொருந்தாத அளவு, பேரிங் குண்டு, ஒன்றையும் விடாமல் நிதானமாக வாசித்தாள். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தரையைப் பார்த்தேன். 7.94 வந்ததும் முடிந்தது என்று நினைத்தேன். அவள் கார்டைத் திருப்பி, ஓரத்துப் பொடி எழுத்தையும் வாசித்தாள்.

“‘கருவியை யாராவது கழற்றித் துடைத்து மாட்டியிருக்கலாம். அவரைக் கோபிக்க வேண்டாம். அக்கறை உள்ளவர்தான் இந்தத் தப்பைச் செய்வார்.’”

என் கண் நிறைந்துவிட்டது. ஜெபகனி கார்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். “அக்கா, இவ்வளவு பொடி எழுத்தும் தெரியுதுக்கா” என்றாள்.

தம்பி சீட்டுப் புத்தகத்தை இழுத்து முதலில் அவள் சர்டிபிகேட்டை எழுதினான். அடுத்த தாளில் மெட்ராஸுக்கு ஆர்டர் எழுதினான். பிறகு இன்னொரு தாளைக் கிழித்து என் பக்கம் நிமிர்ந்தான்.

“அடுத்து நீ வாக்கா. உனக்கு ஒரு கண்ணாடி எழுதித் தாரேன்.”