சின்னப் பசங்க ஆட்டம்

என் வீட்டுக்காரர் சைபுதீனிடம் எங்கே போகலாம் என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "சப்புன்னு இருக்கும்." மேல்மலையனூர் தேருக்கு ராட்டினம் வந்தால், சப்பு. மகன் துபாய்க்கு விமான டிக்கெட் எடுக்கிறேன் என்றால், அந்த ஊரே சப்பு. கல்யாணமான நாளிலிருந்து நான் போகாத இடமெல்லாம் இவர் சப்பு என்று சொன்ன இடம்தான்.

இந்த முறை விடுவதில்லை என்று இருந்தேன். பெங்களூரிலிருந்து மகள் இர்பானா போன் செய்தாள். "கூர்க்ல ரப்பர் போட்ல ஆத்துல போலாம்மா. நீச்சல் தெரியாதவங்களுக்கும் ஒண்ணு இருக்குது. உனக்கும் அத்தாவுக்கும் புக் பண்ணட்டா?" செஞ்சியில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊர் சங்கராபரணி ஆற்றில் தண்ணீரைவிட மணலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஓடுகிற தண்ணீர் மேல் உட்கார்ந்து போகலாம் என்றதும் ஆசை தலைக்கேறி, அன்று குழம்பில் உப்பு போட மறந்தேன்.

இவர் டயர் கடை வைத்திருக்கிறார், பஞ்சரும் ஒட்டுவார். மதியச் சோற்றோடு போய் இர்பானா அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். போனைக் கண்ணருகே வைத்து இரண்டு முறை பார்த்தார்.

"சின்னப் பசங்க ஆட்டம். போறதுன்னா பெருசாப் போவணும்."

அதைச் சொன்னதும் இர்பானா அடுத்த வீடியோவை அனுப்பினாள். பாறைகளுக்கு நடுவில் படகு எகிறியது. பாதியிலேயே போனைக் கவிழ்த்து வைத்தேன். ஆனாலும் சாயந்திரம், "சரிங்க, இதுக்கே போலாம்," என்றேன்.

அவர் முகம் ஏன் சுருங்கியது என்று புரியவில்லை. "இதுவும் சுமார்தான். இன்னும் பெருசு இருக்குதான்னு கேளு."

இருந்தது. மழைக்காலத்தில் மட்டும் விடுவார்களாம், சில நேரம் கவிழுமாம். இவருக்கு என்னைக் கரையில் நிறுத்திவிட்டுத் தனியாகப் போகத் திட்டமா? இல்லை, இந்த வயதில் திடீரென்று வீரம் வந்துவிட்டதா? எனக்கு முதல் படகே போதும். அதைச் சொன்னால் பயணமே நின்றுபோகும். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.

மறுநாள் கடையில் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவுர்ற போட்டுக்கே புக் பண்ணச் சொல்லிட்டேன்," என்றேன். சொல்லவில்லை. எரிச்சலில் வந்த பொய்.

டியூப் அவர் கையிலிருந்து நழுவியது. "கடைய யாரு பாக்கறது?"

"பக்கத்துக் கடைப் பச்சைமுத்து பாத்துப்பாரு."

"வேணாம், ஹுசைன் பீ."

"இன்னாங்க, இதுவும் சப்புன்னு இருக்குதா?"

ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுப் பேசினார். "காத்தடிச்ச ரப்பருதானே அது. வெடிச்சது, கிழிஞ்சது, இதத்தான் தெனம் என்கிட்ட கொண்டாராங்க. நல்லா ஓடற டியூப எவன் கொண்டாந்து காட்றான்? பாறைல இடிச்சா இன்னா ஆவும்? பெருசு பெருசாக் கேட்டா நீ பயந்து வேணாம்னுவன்னு பாத்தேன். நீ சரி சரின்றே."

"அப்ப ராட்டினம்?"

"மேல போனா மயக்கம் வருது."

"துபாய்?"

குனிந்து தொட்டியில் விழுந்த டியூபை எடுத்தார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. இவர் பயத்துக்கு நானல்லவா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஈரக் கையோடு நின்ற மனுஷனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல், அவர் எதிரிலேயே இர்பானாவைக் கூப்பிட்டேன். "மொதல்ல அனுப்பினியே, நீச்சல் தெரியாதவங்க போறது. அதுல எனக்குப் போடு."

"உனக்கு மட்டுமா?" என்று இவர் கேட்டார்.

"ஆமா. நீங்க வர்லன்னாலும் நான் போறேன்."

"பயமா இல்லியா உனக்கு?"

"பயமாத்தான் இருக்குது. அதுக்குத்தான் உங்களக் கூப்டறேன்."

போனில் இர்பானா, ஒன்றா இரண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் போனை அவரிடம் நீட்டினேன். கையைச் சட்டையில் துடைத்து வாங்கிக்கொண்டார்.

"அத்தா பேசறேம்மா," என்றார். "எனக்கு ரொம்பப் பயமா இருக்குது. ரெண்டாவே போடு."