நாற்பத்தோராவது கொசு

கொசு ரீங்காரமிடுவதைக் கேட்டே அதன் இனம், வயது, காலையில் யாரைக் கடித்தது என்பதுவரை சொல்லிவிடுவேன் என்று ரேடியோக்காரர் அறிவித்தார். முப்பத்தைந்து வருடம் ரேடியோ பழுது பார்த்த காது. அடுத்த தெருவில் திருகாணி விழுந்தால், அது எந்த மாடலில் கழன்றது என்று இங்கிருந்தே சொல்வார்.

"இந்த வீட்ல கொசுவே கிடையாது மாமா," என்றார் மருமகன். அவர் சுகாதார ஆய்வாளர். அந்தக் கட்டடத்தில் கொசு இல்லை என்று கையெழுத்துப் போட்டவரும் அவரே.

மகளுக்கு ஏழாம் மாதம். டெங்கு என்ற சொல் காதில் விழுந்தாலே ரேடியோக்காரர் எழுந்துபோய் அவள் கொசுவலையில் ஓட்டை தேடுவார்.

பொதுமக்கள் கொசுச் சத்தத்தைக் கைபேசியில் பதிந்து அனுப்பினால், இனம் கண்டு சொல்வதாக ஓர் ஆராய்ச்சி நிலையம் அழைத்திருந்தது. அவர் நாற்பது அனுப்பினார். நாற்பதுக்கும் ஒரே பதில்: 'இயந்திர ஒலி. கொசு அல்ல.' இன்னொரு தவறு செய்தால் கணக்கு மூடப்படுமாம்.

"மிக்ஸியைப் பதிஞ்சீங்களா மாமா?"

அவர் நிலையத்துக்கே போன் போட்டார்.

"ஐயா, உங்க பதிவுல வேற சத்தமே இல்லையே? ஒரு மூச்சுகூட கேக்கல," என்றாள் நிலையத்துப் பெண்.

"எப்படிம்மா கேக்கும்? சுத்தமா துடைச்சுட்டுல்ல அனுப்பினேன்!"

கரகரப்போடு ஒரு ரேடியோவைத் திருப்பிக் கொடுத்தறியாத மனிதர். ஒவ்வொரு பதிவையும் கணினியில் இரண்டு மணி நேரம் இழைத்து, கொசுவின் இறக்கைப் படபடப்பையும் சேர்த்தே வழித்து, மோட்டார் மாதிரி ஒரே சீரான இரைச்சலை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்.

"அழுக்கோட அனுப்புங்க ஐயா."

மறுநாள் பகலில், மகளின் அறைத் திரைச்சீலைக்குப் பின்னால் கைபேசியை நீட்டியபடி நின்றார். வாசலில் மருமகன் வந்து நின்றார்.

"திரைக்குக் காய்ச்சலா மாமா? இந்த ரூம்ல ஒரு கொசு இருந்தாலும் நான் வேலையை விட்டுடறேன்."

"கொஞ்சம் வாயை மூடுங்க மாப்பிள்ளை!"

துடைக்கச் சொல்லி விரல் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் பதில்: 'டெங்கு பரப்பும் இனம். பெண் கொசு. வாக்குவாதம் செய்யும் ஆண்குரலும் மிகத் தெளிவு. நன்றி.'

மருமகன் அதை மூன்று முறை படித்தார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு திரையை விலக்கி மண்டியிட்டார். ஜன்னலோரம் மனைவிக்காக அவரே ஆசையாய் வைத்த மணிபிளான்ட் பாட்டில் தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. பத்தொன்பதுவரை எண்ணினார், அதற்குமேல் அவை ஒத்துழைக்கவில்லை.

"என்னங்க, இருக்கா இல்லையா?" என்றாள் மனைவி, கட்டிலிலிருந்து.

மருமகன் எழவில்லை.

"இருக்கு. மாமா கேட்டது கொசுதான்."