திரையில் அப்பாவின் பெயர்

வாரம் முழுவதும் மிசிசாகாவில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டிவிட்டு, சனிக்கிழமை காலையில் மோர்னிங்சைட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். இந்த வருடம் கதை எழுதுவதைக் கணினியில் படிப்பிக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கத்தில் தட்டுவார்கள். நான் அதைச் சுவர்த் திரையில் போட்டு எல்லோருடனும் வாசிப்பேன். பெற்றோரும் பார்க்கட்டும் என்று அவர்களுக்கும் இணைப்பை அனுப்பினேன். பார்க்க மட்டும் விட்டிருக்க வேண்டும்; களைப்பில் எழுதவும் விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை, சிறுவர் கதைப் போட்டிக்குக் கதை அனுப்ப அன்றுதான் கடைசி நாள். என் மாணவி மதுரா வகுப்புக்குள் வரும்போதே சொன்னாள்.

“மிஸ், இந்த முறையும் அப்பா எழுதினா நான் இனி வரமாட்டன். ஐ மீன் இற்.”

போன வருடம் அவள் பெயரில் போனது அவளுடைய அப்பா வினோதன் எழுதிய கதை.

“எழுது. நான் பாக்கிறன்,” என்றேன்.

சற்று நேரத்தில் திரையில் வந்தது: ‘பஸ்ஸில் என் ஒரு கையுறை தொலைந்துவிட்டது. மற்றக் கையுறை இப்போது என்னோடு கதைப்பதில்லை.’

அவளுக்குப் பக்கத்தில் இருந்த மிதுசன் மேசையில் தட்டிச் சிரித்தான். எனக்கும் அந்த வாரத்தின் முதல் சிரிப்பு வந்தது.

அது முடியுமுன் எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. ‘அன்னையின் அன்பு ஆழ்கடலினும் பெரிது’ என்று வேறொரு வரி ஊர்ந்து வந்தது. அதன் நுனியில் பச்சைக் கட்டத்துக்குள் ‘வினோதன்’ என்ற பெயர். மதுராவின் கைகள் மடியில் இருந்தன.

“கார் பார்க்கில இருந்து அடிக்கிறார். அங்கிள் இஸ் ஃபாஸ்ட், மிஸ்,” என்றான் மிதுசன்.

மதுரா எழுந்து ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டாள்.

“கொஞ்சம் இரு,” என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

வினோதன் கார்க் கண்ணாடியை இறக்கினார். “ரீச்சர், குளிருக்க நிக்கிறியள், ஏறுங்கோ.”

“அண்ணை, அவளின்ர கதையில கை வைக்காதேங்கோ.”

“பிழை திருத்தினனான், வேறை ஒண்டுமில்லை.”

“முழுக்க அழிச்சுப்போட்டியள். அவள் எழுதினதை வாசிச்சனீங்களோ?”

“நேரம் எங்க? கையுறை கிய்யுறை எண்டு ஏதோ கிடந்தது. நடுவர்மாருக்கு உது போதாது.”

“போன வருசம் நீங்கள் எழுதினது போதுமாய் இருந்ததோ? ஆறுதல் பரிசும் இல்லை.”

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார். “அவையள் ஒழுங்கா வாசிக்கேல்லை.”

“நீங்களும்தான் வாசிக்கேல்லை. அண்ணை, பிள்ளை ஜக்கெற்றைப் போட்டிட்டு நிக்கிறாள். இனி வரமாட்டாளாம்.”

மேலும் வாதாட எனக்குத் தெம்பில்லை. என் போனை எடுத்து, அவர் கண் முன்னாலேயே அவருடைய அனுமதியை மாற்றினேன்.

“இனி வாசிக்கலாம். அவ்வளவுதான்.”

திரும்பி வந்து அழிந்த வரிகளை மீட்டுப் போட்டேன். மதுரா ஜக்கெற்றைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

“அப்பா லொக்ட் அவுட்டா?”

“பாக்கலாம். தொடேலாது.”

நெடுநேரம் யோசித்து ஒரு விரலால் தட்டினாள்: ‘வெறுங்கையைப் பொக்கற்றுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை.’

என் போன் அதிர்ந்தது. வினோதன்தான்.

‘ரீச்சர், உவள் கையுறையை எப்ப தொலைச்சவள்? எனக்குச் சொல்லேல்லையே.’

நான் பதில் எழுதுமுன் இன்னொன்று வந்தது.

‘பிறகு என்ன நடந்தது?’

போனை மதுராவிடம் நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தாள். பிறகு ஜக்கெற்றின் ஜிப்பை மெல்லக் கீழே இழுத்தாள்.

“அப்பாவைக் கொஞ்சம் வெயிற் பண்ணச் சொல்லுங்கோ,” என்றாள்.